பத்தாவது நாய்

"நாப்பது வருஷம் நாய்க்குப் பயந்து சைக்கிள் மிதிச்சவன்மா நான். என்னைப் போய் இங்க கூட்டிட்டு வந்திருக்கியே" என்று தபால்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

மகள்தான் கையைப் பிடித்து எங்கள் நாய்க் காப்பகத்தின் முன்னறைக்குள் இழுத்துவந்தாள். வேலை ஓய்ந்து, மனைவியையும் பறிகொடுத்து, தனி வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம். துணைக்கு ஒரு நாய் இருந்தால் தேவலை என்று அவளுக்கு.

எனக்கு அவர் வந்ததே பெரிய புண்ணியம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

நாய்கள்மேல் மருந்தைச் சோதிக்கும் ஆய்வகத்தின் வாசலில் கண்டன அட்டை பிடித்து, வெயிலில் காய்ந்து, கோர்ட்டுப் படியேறி நாங்கள் மீட்டு வந்தவை பத்து நாய்கள். ஒன்பதுக்கு வீடு கிடைத்துவிட்டது. இந்தப் பத்தாவது மட்டும் மூலையில் கிடந்தது. தொங்கு காது, காதுக்குள் பச்சை குத்திய எண்.

காலையிலிருந்து எத்தனையோ பேர் வந்து பார்த்தார்கள். விசில் அடித்தார்கள், சொடுக்குப் போட்டார்கள், பிஸ்கட்டை வீசினார்கள். அது வாலைக்கூட அசைக்கவில்லை. "மக்கு மாதிரி இருக்கே" என்று ஒரு அம்மாள் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனாள். பிறந்ததிலிருந்து ட்யூப்லைட்டைத் தவிர வேறு வெளிச்சம் பார்க்காத ஜீவன் வேறெப்படி இருக்கும்?

நேராக ஒரு வீட்டுக்குத்தான் போக வேண்டும், காப்பகக் கூண்டில் அடைக்கக் கூடாது, யாரும் எடுக்காததை அன்றே திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பது ஆய்வகத்தின் நிபந்தனை. கூண்டைப் பற்றி அவர்களுக்குத் திடீரென்று வந்த அக்கறையைப் பாருங்கள். திரும்பிப் போனால் அதை உயிரோடு வைக்க மாட்டார்கள்.

ஏற்றிப் போக வேன் வெளியே தயாராக நின்றது. அதோடு வந்த ஆய்வகத்து ஆள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். நாய்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையாம். நன்றாகப் பார்த்துக்கொண்டான். அவன் முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லோருக்கும் டீ கொடுத்தேன், அவனுக்குக் கொடுக்கவில்லை.

தபால்காரர் சுவரோரமாகவே நகர்ந்து, எட்ட நின்று நாயைப் பார்த்தார்.

"கடிக்குமா?"

"கடிக்கத் தெரிஞ்சிருந்தா அதை ஏங்க அந்த ஆய்வகத்துல வச்சிருக்கப் போறாங்க?" என்றேன்.

அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. மகள் கண்ணாலேயே கெஞ்சினாள். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுக் குனிந்தார். சட்டென்று இழுத்துக்கொள்ளத் தயாராக, வெறுங்கையை மெல்ல நீட்டினார்.

நாய் எழுந்து உட்கார்ந்தது.

முன்னங்காலைத் தூக்கி அவர் உள்ளங்கையில் வைத்தது. வைத்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது. வெட்கம்போல என்று மகள் சிரித்தாள்.

"கை குடுக்குதும்மா" என்றார் தபால்காரர். குரல் உடைந்துவிட்டது. "எத்தனை தெரு, எத்தனை நாய். ஒண்ணாவது என்னை ஒரு மனுஷனா மதிச்சிருக்கா? இது கை குடுக்குது பாரு."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா போன பிறகு அப்பா சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசி இப்போதுதான் கேட்கிறாளாம். கழுத்துப்பட்டையும் கயிறும் எடுத்துவர வெளியே ஓடினேன். வேன் காலியாகத் திரும்பப் போகிறது என்று உள்ளுக்குள் ஒரே கும்மாளம்.

வாசற்படியில் அந்த ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். செய்வதையும் செய்துவிட்டு அழுகை வேறு.

"என்ன, பிரிய மனசு வரலையா?" என்றேன், குத்தலாகத்தான்.

அவன் எழுந்து நின்றான். உள்ளே கேட்காதபடி தணிந்த குரலில் பேசினான்.

"அது கை குடுக்கலைங்க மேடம். ரத்தம் எடுக்கறதுக்குக் காலை நீட்டுது. வெறுங்கையை நீட்டினா காலைக் குடுக்கணும்னு பழக்கியிருக்கோம். ஊசியைப் பாக்க மாட்டாம மூஞ்சியைத் திருப்பிக்கும்."

பட்டையையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன், சொல்லிவிடுவது என்றுதான்.

தபால்காரர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பயம் போன இடம் தெரியவில்லை.

"தினம் காலைல எனக்கு ஒரு தடவை கை குடுத்துடணும், என்ன? அப்புறம்தான் நமக்குக் காப்பி" என்று நாயிடம் ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்.

வெளியே வேன்காரன் ஹாரன் அடித்தான். நேரமாகிறதாம்.

சொன்னால் அவர் கையை இழுத்துக்கொள்வார். இழுத்துக்கொண்டால் ஹாரன் அடிக்கும் அந்த வேன்தான் இதற்கு. நான் சொல்லவில்லை.

"ரொம்பப் புத்திசாலிங்க அது" என்றேன். என் குரல் எனக்கே சகிக்கவில்லை.

"எங்கே, இன்னொரு தடவை" என்று அவர் கையை நீட்டினார்.

கொடுத்தது. ஆசை தீரக் குலுக்கிவிட்டு, கயிற்றை என்னிடமிருந்து வாங்குவதற்காகக் கையை எடுத்துக்கொண்டார்.

நாய் காலை இறக்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கமே வைத்துக்கொண்டு, நீட்டியது நீட்டியபடி காத்திருந்தது.