எள்ளுப் பொட்டலம்

"வீட்டை மாத்துங்க. இந்த மாசமே மாத்துங்க. இல்லைன்னா என்னைய சிவகாசிக்கு பஸ் ஏத்தி விட்ருங்க!"

பொங்கல் பானையை இறக்கி வைத்த கையோடு சுஜாதா இப்படிக் கத்துவாள் என்று பிரகாஷ் எதிர்பார்க்கவில்லை. கம்பெனிக்கு லீவு. அப்போதுதான் ஆசையாகக் கரும்பைக் கடிக்க ஆரம்பித்திருந்தான்.

"என்னாச்சு?"

"பக்கத்து வீட்டுச் சாந்தம்மா தட்டு நெறைய எள்ளோட வந்து குடுத்துட்டுப் போகுது. எள்ளு! பொங்கலும் அதுவுமா, என் கையில!"

கரும்பு பிரகாஷின் வாயிலேயே நின்றது. எள் என்றால் அவனுக்குத் தெரிந்தது திவசமும் எள்ளுந் தண்ணியும்தான். அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. சுஜாதாவுக்கு இது மூன்றாவது மாதம். போன வருடம் ஒன்று தங்காமல் போயிருந்தது. எள் சூடு, வாயில் படவே கூடாது என்று அவள் அம்மா தினமும் போனில் எச்சரிக்கிறாள். இட்லிப் பொடி பக்கம்கூட அவள் போவதில்லை.

"நீ மாசமா இருக்கறது அவங்களுக்குத் தெரியாதோ என்னமோ."

"தெரியும்ங்க. போன வாரம் குழாயடியில நான் வாந்தி எடுத்தப்ப தலையைப் புடிச்சதே அந்தம்மாதான். எத்தனை மாசம்னு வேற கேட்டுச்சு."

மாநில எல்லையை ஒட்டிய மத்திகிரியில் அந்த வரிசையில் எட்டு வாடகை வீடு, மூன்று பாஷை. ஆவணியில் குடிவந்த நாளிலிருந்து மாதம் தவறாமல் யார் வீட்டிலாவது பண்டிகை. கௌரி பண்டிகைக்கு இதே சாந்தம்மாதான் வளையலும் குங்குமமும் கொண்டுவந்து கொடுத்தாள். நவராத்திரிக்குக் கூப்பிட்டுச் சுண்டல் கொடுத்தாள். தீபாவளிக்குச் சுஜாதா நீட்டிய அதிரசத்தை நின்ற இடத்திலேயே தின்றுவிட்டு, இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டாள். அப்படிப் பழகியவளே இப்படிச் செய்தாள் என்பதுதான் சுஜாதாவுக்குப் பொறுக்கவில்லை.

சத்தம் கேட்டு, கடைசி வீட்டுச் சரோஜம்மாள் எட்டிப் பார்த்தாள். கடலூர்க்காரி. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே வெள்ளை எள், வெல்லத் துண்டு, கடலை, கொப்பரை.

"எனக்குந்தான் குடுத்துருக்கு. வருஷா வருஷம் இதே கூத்து. வேணாம்னா சண்டைதான் வரும். நாங்கல்லாம் வாங்கிக்கிட்டு, அது அந்தாண்ட போனதும் சாக்கடையில போட்ருவோம்."

"உங்களுக்காவது தட்டுலருந்து எடுத்துக் குடுத்துச்சு. எனக்கு மட்டும் பேப்பர்ல மடிச்சு, இடுப்புலருந்து எடுத்து, 'இது உனுக்கு'ன்னு கையில திணிச்சுச்சுக்கா!"

சுஜாதாவுக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பொட்டலம் பிரிக்காமலே குப்பைக் கூடைக்குப் போயிருந்தது.

"அதுக்குப் பிள்ளை இல்ல பாரு," என்று குரலைத் தாழ்த்தினாள் சரோஜம்மாள். "வயித்தெரிச்சல். வேற என்ன?"

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிவிட்டு அவள் போய்விட்டாள்.

"நான் போயி என்னன்னு கேட்டுட்டு வரட்டா?" என்றான் பிரகாஷ்.

"நீங்க உக்காருங்க. நானே போறேன்."

சுஜாதா அடுப்படிக்குள் போனாள். ஒதுக்கி வைத்திருந்த எள் டப்பாவைத் திறந்து, கையே படாமல் கரண்டியால் அள்ளி ஒரு கிண்ணத்தில் கொட்டினாள். பொங்கலுக்கு உடைத்ததில் மிச்சமிருந்த வெல்லத்தை மேலே போட்டாள். அந்தம்மா வெல்லம் போட்டு மறைத்துக் கொடுத்த மாதிரியே கொடுக்க வேண்டும். நல்ல நாளில் கையில் எள் விழுந்தால் எப்படி எரியும் என்று அவளுக்கும் தெரியட்டும்.

"வேணாம் சுஜாதா. நாளைக்கு அவங்க மூஞ்சியில முழிக்கணும்."

"அதான் வீட்டை மாத்துங்கன்னு சொல்றேன்ல!"

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதற்குள் கேட்க வேண்டிய கேள்விகளை எல்லாம் மனதில் அடுக்கிவிட்டாள். கதவு திறந்ததும் கிண்ணத்தை நீட்டினாள்.

"இந்தாங்க. எள்ளு."

சாந்தம்மா கிண்ணத்தைப் பார்த்தாள். சுஜாதாவைப் பார்த்தாள். சாந்தம்மாவின் கண் நிறைந்துவிட்டது.

"ரீ, இல்லி பன்னி!" என்று உள்ளே இருந்த கணவரைக் கன்னடத்தில் கூப்பிட்டாள். "எள்ளு பெல்லா கொண்டாந்திருக்குது பாருங்க, இந்தப் பொண்ணு!"

சாந்தம்மா கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"எங்க சங்கராந்திக்கு இதான் மொறை கண்ணு. ஒருத்தருக்கொருத்தர் எள்ளும் வெல்லமும் குடுத்துக்கிட்டா, வருசம் பூரா நல்ல வார்த்தையே பேசுவோம்னு. பன்னெண்டு வருசமா இந்த வரிசையில அல்லாருக்கும் குடுக்கறேன். சாக்கடையில கெடக்கறத நானும் பாக்கறேன். என்னத்த சொல்றது? திருப்பிக் கொண்டாந்து குடுத்தது நீ ஒருத்திதான்."

சாந்தம்மா ஒரு சிட்டிகை எள்ளை எடுத்து, வெல்லத்தோடு வாயில் போட்டுக்கொண்டாள். வெட்கத்தில் சுஜாதாவுக்குப் பயம்கூட மறந்துவிட்டது. அவள் கையும் கிண்ணத்துக்கு நீண்டது.

சாந்தம்மா சட்டென்று கிண்ணத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ, நீ தின்னக் கூடாது கண்ணு, வயித்துல புள்ளைக்கு ஆவாது! அதுக்குத்தான உனுக்கு மட்டும் எள்ளே போடாம, கடலையும் சக்கரை அச்சு முட்டாயும் தனியா மடிச்சுக் குடுத்தேன்... பிரிச்சுப் பாக்கலியா?"