இரண்டாம் பாகத்துக்கு ஒரு மாலை

"போட்டோவுக்கு மாலை போடு ஃபாஜில். சம்பங்கி மாலை. கனமா இருக்கணும்."

ஃப்ளெக்ஸ் கடை கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்த ஃபாஜில் அதிர்ந்துபோனான். "அண்ணே, இது நம்ம தமிழ்மாறன் அண்ணனாச்சே! ஐயோ, எப்ப?"

"அவன் நல்லாத்தான் இருக்கான். அவன் படந்தான் செத்துப்போச்சு," என்றான் தியாகேசன். "கண்ணீர் அஞ்சலின்னு பெருசா அடி. கீழ, தோற்றம் முதல் பாகம், மறைவு இரண்டாம் பாகம்னு பொடி எழுத்துல போடு."

இத்தனைக்கும் ஒரத்தநாட்டில் தமிழ்மாறன் ரசிகர் மன்றத் தலைவரே தியாகேசன்தான். பக்கத்துக் கிராமத்துத் தமிழ்மாறன் தானே எழுதி, இயக்கி, நடித்த முதல் படம் மூன்று வருடத்துக்கு முன் சக்கைப்போடு போட்டது. அன்றிலிருந்து தியாகேசனைக் கையில் பிடிக்க முடியவில்லை. இரண்டாம் பாகம் அதைவிடப் பத்து மடங்கு என்று தஞ்சாவூர் வரைக்கும் போய்ச் சத்தியம் செய்தான். டிரைலர் வந்த அன்று மட்டும் முகம் கொஞ்சம் தொங்கிப்போனது. மறுநாளே தேறிக்கொண்டு, படம் நூறு நாள் ஓட வேண்டுமென்று மாரியம்மன் கோயிலில் மண்சோறு சாப்பிட்டான்.

"மணி ஏழரைதானே ஆகுது? படமே ஒம்பது மணிக்குத்தானேண்ணே?"

"இங்கதான் ஒம்பது. சிங்கப்பூர்ல நேத்தே போட்டுட்டானுங்க. என் மச்சான் செந்தில்குமார் மெசேஜ் அனுப்பியிருக்கான், பாரு. 'மாப்ள, படம் படுத்துருச்சு.' மண்சோறு தின்ன வயிறு எரியுதுடா!"

"நீங்க ஒரு தடவை பார்த்துட்டு…"

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். நீ அடி!"

பானையே இன்னும் அடுப்பில் ஏறவில்லை என்று சொல்ல ஃபாஜிலுக்குத் தைரியம் வரவில்லை. அடித்துக் கொடுத்தான்.

எட்டரை மணிக்கு பஸ் ஸ்டாண்ட் வாசலில் ஃப்ளெக்ஸ் ஏறியது. மன்றத்துப் பையன்கள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துத் தள்ளினார்கள். ஊரில் யார் தவறினாலும் முதலில் அந்த வாசலில்தான் ஃப்ளெக்ஸ் வரும். அதைப் பார்த்துத்தான் பாதி ஊர் துக்கத்துக்கே கிளம்பும். தியாகேசனுக்கு அப்போது அது உறைக்கவில்லை.

எட்டே முக்காலுக்கு டவுன் பஸ் வந்து திரும்பியது. உள்ளேயிருந்து ஓர் அலறல்.

"அய்யோ, எம்புள்ள!"

பிரகதாம்பாள். தமிழ்மாறனின் அம்மா. மகன் படத்தை முதல் காட்சி பார்க்கப் புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்தவர். ஜன்னல் வழியே அவர் கண்ணில் பட்டது மாலை போட்ட மகனும், கண்ணீர் அஞ்சலி என்ற இரண்டு சொல்லும்தான். பொடி எழுத்து எங்கே தெரியப்போகிறது? இறங்க வந்தவர் படிக்கட்டிலேயே சரிந்தார்.

தியாகேசன் செல்ஃபி எடுத்தவர்களைத் தள்ளிவிட்டான். ஓடிப்போய்த் தாங்கினான். யாரோ சோடா உடைத்துத் தெளித்தார்கள். கண்டக்டர் தமிழ்மாறன் நம்பரை வாங்கிப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். எடுக்கவில்லை. பிரகதாம்பாளின் கை சில்லிட்டுக்கொண்டே போனது.

"ஆத்தா, மாரியாத்தா, இந்த உசுர மட்டும் குடுத்துடு," என்று வாய்விட்டே அழுதான் தியாகேசன்.

ஃபாஜில் ஓடிவந்து ஃப்ளெக்ஸைக் கிழித்துக்கொண்டிருந்தபோது நாலாவது தடவை லைன் கிடைத்தது. "அம்மா, தியேட்டருக்குப் போயிட்டியாம்மா?" மகனின் குரல் கேட்ட பிறகுதான் பிரகதாம்பாளுக்கு மூச்சே திரும்பியது. நடந்ததை மகனிடம் சொல்லவில்லை. "போயிட்டேயிருக்கேன்யா," என்று மட்டும் சொல்லிப் போனைக் கொடுத்துவிட்டார்.

பிறகு தியாகேசன் கையைப் பிடித்துக்கொண்டார். ஃப்ளெக்ஸ் வைத்தது யார் என்று கேட்கவில்லை.

"படம் நல்லா இல்லியாப்பா?"

அவன் கிழிந்து கிடந்த ஃப்ளெக்ஸைக் காலால் ஓரம் தள்ளினான்.

"ஒரு மாசமா அவன் தூங்கலப்பா. முதல் படம் மாதிரி வந்துருக்கா, வந்துருக்கான்னு ஊரே கேட்டா என்ன பண்ணுவான்? 'யாரு என்ன சொன்னாலும் சரிம்மா, தியாகேசண்ணன் சொன்னா அப்பீலே இல்ல'ம்பான். நீ சொல்லு."

"நான்… இன்னும் பார்க்கலம்மா. சிங்கப்பூர்ல பார்த்துட்டாங்க."

பழியை இறக்கிவைக்க ஓர் ஆள் வேண்டும். செந்தில்குமாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். "மச்சான், படத்துல என்னதான் நல்லா இல்ல? வெவரமா சொல்லு."

"நான் எங்க மாப்ள பார்த்தேன்? எனக்கு நைட் ஷிஃப்ட்டு. ரூம்ல நம்மூருப் பசங்க சொன்னத உனக்கு அனுப்புனேன்."

"அவனுங்க பார்த்தானுங்களா?"

"அவனுங்களும் பார்க்கல. எடுத்து வச்சிருந்த டிக்கெட்டயே கேன்சல் பண்ணிட்டானுங்க."

"பார்க்காமலே எவன் பேச்சக் கேட்டு கேன்சல் பண்ணானுங்க?" கத்தினான் தியாகேசன். பிரகதாம்பாள் இன்னும் அவன் கையை விடவில்லை.

"என்ன மாப்ள, தெரியாத மாதிரி கேக்குற? டிரைலர் வந்த அன்னிக்கு நீதானே ஊரு குரூப்புல வாய்ஸ் மெசேஜ் போட்ட, 'முதல் பாகத்துக்குக் கால்தூசி பெறாது, இது படுத்துரும்'னு! தியாகேசனே சொல்லிட்டாருன்னா அப்பீலே இல்லன்னுட்டானுங்க."