கணுக்கால் உயரத்தில்

கொசு ஒழிப்பு ஆய்வாளருக்கு வீட்டுக்காரர்கள் என்றாலே ஆகாது. பூந்தொட்டித் தட்டில் தண்ணீரைத் தேக்கிப் புழு வளர்ப்பார்கள். கேட்டால் பக்கத்து வீட்டைக் கைகாட்டுவார்கள்.

இந்த வீட்டு மருமகளும் அந்த ரகம்தான். பூட்டிக் கிடந்த அறையைத் திறக்கத் தயங்கினாள்.

"மாமனார் ரூம் சார். அவர் செத்துப்போனதுலேர்ந்து யாரும் உள்ள போறதில்ல."

திறந்தால், சுவரெல்லாம் காலில் வெள்ளை வரி போட்ட கொசுக்கள். ஒவ்வொன்றின் வயிறும் ரத்தத்தில் உப்பியிருந்தது.

"யாரும் வராத ரூம்ல இதுங்க எதைக் குடிக்குது? மனுஷ ரத்தத்துக்கு அலையுற கொசும்மா இது. புளுகுறதையாவது பொருத்தமா புளுகக்கூடாதா?"

அவள் நிலைப்படியைத் தாண்டவில்லை.

ஆய்வாளர் ஸ்டூலில் உட்கார்ந்து பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டினார். காலில் வந்து உட்காரும் கொசுவைப் பிடிக்கக் கண்ணாடிக் குழாயோடு காத்திருந்தார். அந்தக் கால்களை இதுவரை எந்தக் கொசுவும் வேண்டாமென்றதில்லை. இங்கே ஒன்றுகூட வரவில்லை. எல்லாம் அவரைத் தாண்டி, எதிரே காலியாகக் கிடந்த சாய்வு நாற்காலிக்குப் போயின.

"வீட்டுக்கேத்த கொசு" என்று முனகிக்கொண்டே டார்ச்சை அடித்தார்.

நாற்காலிக்கு முன்னால், கணுக்கால் உயரத்தில், கொசுக்கள் வெறும் காற்றில் உட்கார்ந்திருந்தன. அவற்றின் வயிறுகள் மெல்லச் சிவந்துகொண்டிருந்தன.

பட்டென்று ஓர் அடி விழுந்தது. ஒரு கொசு நசுங்கியது. அதன் ரத்தம் கீழே விழாமல் அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

பிறகு, வறண்ட தோலை யாரோ நிதானமாகச் சொறியும் சத்தம் கேட்டது.