சிலை விழாத இடம்

சுருளில் ஒரு படம்தான் மிச்சம் இருந்தது.

விகேலாண்ட் பூங்காவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சிலை. எல்லாச் சிலையும் அம்மணம். ஆண், பெண், கிழவன், கைக்குழந்தை, ஒன்றுக்கும் ஒரு முழத் துணி இல்லை. உள்ளே வரக் காசு கேட்காதபோதே எனக்குச் சந்தேகம் வந்தது.

"இஞ்சை நிக்கேலாது," என்றாள் என் மனைவி விமலாதேவி. "பிள்ளையளுக்கு அனுப்புற படம். பின்னாலை உது நிண்டால் அதுகள் என்ன நினைக்குங்கள்?"

அவள் சொன்னதில் பிழையில்லை.

நாங்கள் ஒஸ்லோக்காரர் இல்லை. நோர்வேயின் வடக்கே, கடற்கரை ஊர் ஒன்றின் மீன் தொழிற்சாலையில், ஒரே மேசையில் எதிரெதிரே நின்று மீன் வெட்டியவர்கள். இப்போது பென்சன். நாலு நாள் தலைநகரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தோம். கோட்டை பார்த்தாயிற்று. அரண்மனை வாசலில் காவல்காரர் மாறுவதைப் பார்த்தாயிற்று. கண்ணாடிக்குள் வைத்த பழைய கப்பல் சாமான்களைப் பார்த்தாயிற்று. பதினெட்டுப் படத்தில் அவள் தனியே நிற்கிறாள். பதினேழில் நான் தனியே.

சுருள் இல்லாத கமெராவும் வந்துவிட்டதாம். சுருள் இல்லாமல் படம் எங்கே போய் இருக்கும்? நான் வாங்கவில்லை.

இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்று வேண்டும், அதைத்தான் பிள்ளைகளுக்கு அனுப்ப வேண்டும் என்று விமலா விமானத்திலேயே சொல்லிவிட்டாள். அனுப்பத்தான் வேண்டும். இனியும் தள்ளிப்போட ஏலாது. ஆனால் அதற்குக் கமெராவை யாரோ ஒருவர் கையில் கொடுக்க வேண்டும். நான் ஒருவரையும் நம்புகிறவன் இல்லை.

ஒஸ்லோவின் ஓரத்தில், புருசெத்தில் எனக்குச் சொந்தக்காரர் நாலு வீடு. ஒரு வீட்டிலும் போய் இறங்கவில்லை. முதல் வீட்டில் தேத்தண்ணி ஆறுமுன் மற்ற மூன்று வீட்டுக்கும் கதை போய்விடும். ஹோட்டலில் அறை எடுத்தேன். காலையில் வேண்டிய மட்டும் முட்டை. விமலா அவித்த முட்டை நாலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள். வெயில் நன்றாக இருந்தது. கால் நோகவில்லை. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பாலம் தாண்டியதும் ரோசாத் தோட்டம். அதில் ஒரு மூலையில் நின்றால் பின்னால் பூவும் மரமும்தான். விமலா போய் நின்றாள். நான் கமெராவுக்குள்ளால் பார்த்தேன்.

"ஒரு முழங்கால் தெரியுது."

"ஆற்றை?"

"சிலையின்ரை."

அரையடி தள்ளி நின்றாள். முழங்கால் மறைந்தது.

இனிப் படம் எடுக்க ஆள் வேண்டும்.

ஒரு வெள்ளைக்கார இளந்தாரி வந்தான். ஓடுகிற சப்பாத்து, ஓடுகிற காற்சட்டை.

"உவன் ஓடுறதுக்கெண்டே வெளிக்கிட்டு வந்திருக்கிறான்," என்றேன். "குடுத்தால் ஆர் துரத்திப் பிடிக்கிறது?"

"அப்ப அந்தக் கிழவியிட்டைக் குடுங்கோ. அவவை நீங்கள் பிடிச்சுப்போடுவியள்."

கிழவிக்குக் கை நடுங்கியது. அவளையும் விட்டுவிட்டேன்.

"அண்ணை, நீங்கள் தமிழோ?"

பின்னாலிருந்து வந்த அந்தக் குரலுக்குத்தான் நான் நாலு நாளாகப் பயந்துகொண்டிருந்தேன்.

குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒருவர் நின்றார். நாற்பது வயதிருக்கும். பெயர் இந்திரகுமார், புருசெத்துக்குப் பக்கத்து எல்லிங்ஸ்ருட்டில் இருக்கிறாராம். கேளாமலே சொன்னார். கமெராவைத் தரச்சொல்லிக் கையையும் நீட்டினார்.

எங்கள் ஆட்கள் கமெராவைக் கொண்டு ஓட மாட்டார்கள். கதையைக் கொண்டுதான் ஓடுவார்கள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் விமலா அதை என் கையிலிருந்து வாங்கி அவரிடம் கொடுத்துவிட்டாள்.

போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டார். வாயை மூடவில்லை.

"அண்ணை எந்த ஊர்?"

"கரவெட்டி."

"அக்காவும் கரவெட்டியோ?"

"நான் வேலணை," என்றாள் விமலா.

அவர் கமெராவைக் கீழே இறக்கினார். "கரவெட்டி எங்கை, வேலணை எங்கை. அப்ப காதல் கலியாணமோ?"

"ஓம்," என்றாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அவர் சிரித்தார். திரும்பக் கமெராவைத் தூக்கினார். "கொஞ்சம் கிட்ட நில்லுங்கோ அண்ணை. பிள்ளையள் எத்தினை பேர்?"

யாராவது கேட்டால் இதற்கு என்ன சொல்வதென்று நாங்கள் பேசி வைக்கவில்லை. நான் விமலாவைப் பார்க்கவில்லை. அவளும் என்னைப் பார்க்கவில்லை.

"அஞ்சு," என்றாள்.

"அஞ்சோ? குடுத்து வைச்சனீங்கள்." அவர் பொத்தானை அமத்தினார்.

செத்துப்போன என் முதல் மனுசிக்குப் பிறந்தது மூன்று. விமலாவின் செத்துப்போன முதல் புருசனுக்குப் பிறந்தது இரண்டு. எங்களுக்குக் கலியாண எழுத்து நடந்து ஒன்பது நாள். ஐந்து பேரில் ஒருவருக்கும் இன்னும் சொல்லவில்லை. படம் போய்த்தான் சொல்ல வேண்டும்.

இந்திரகுமார் கமெராவைத் திருப்பித் தந்துவிட்டுக் குழந்தையைத் தள்ளிக்கொண்டு போனார். நான் நின்ற இடத்திலேயே நின்று யோசித்தேன். அந்த மனுசன் கேட்ட ஒன்றுக்கும் விமலா பொய் சொல்லவில்லை.