தடித்த வயர்

தெருவை மறித்துப் பத்துப் பதினைந்து பேர் நின்றதைக் கண்டு அல்பிரட் பிரேக்கை மிதித்தான். லொறி குலுங்கி, எஞ்சின் நின்றுபோனது.

முதல் கல் முன்கண்ணாடியை உடைத்தது. அடுத்த கல் அவனுடைய வாயை உடைத்தது.

பின்னால், கருவாட்டு மூட்டைகளுக்கும் படங்குச் சீலைக்கும் கீழே, துறைமுகக் குவாட்டர்ஸில் இருந்த நாலு தமிழ்க் குடும்பங்கள் மூச்சுக் காட்டாமல் கிடந்தன. அவன் மனைவி மக்டலினும் மகள் ஐவியும் அதற்குள்தான். கிண்ணியாத் துறைக்குப் போய்க் களப்பைக் கடந்துவிட்டால் அக்கரை குறிஞ்சாக்கேணி. அங்கே தாஹிரின் பெண்சாதி றம்லா எல்லோருக்கும் சோறாக்கி வைத்திருப்பாள்.

தாஹிர் அந்த லொறிக்கு வயரிங் பார்ப்பவன். லொறி நின்றதுமே பக்கத்து ஆசனத்திலிருந்து குதித்து ஓடிப் பொனற்றைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டான். எப்போது நின்றாலும் அவன் செய்வது அதுதான்.

அல்பிரட்டைக் கொலரில் பிடித்து இழுத்துத் தெருவில் போட்டார்கள். இரும்புக் குழாய் வைத்திருந்தவன் விலாவிலேயே அடித்தான். மற்றவர்கள் காலால் உதைத்தார்கள். கிடந்த இடத்திலிருந்து அல்பிரட்டுக்குத் தெரிந்தது பொனற்றுக்கு வெளியே நீண்டிருந்த தாஹிரின் இரண்டு கால்கள் மட்டும். அடி வாங்க நான், ஒளிக்க இவனா என்று பற்றிக்கொண்டு வந்தது.

அவர்களுக்கு லொறி வேண்டும். பெற்றோல் கேன்களோடு குவாட்டர்ஸைக் கொளுத்தப் போக வேண்டுமாம். வண்டி ஓடுமா என்று முதலில் பார்க்கச் சொன்னான் குழாய்க்காரன். நாறுகிற மூட்டைகளை இறக்குகிற வேலையை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவன் நினைத்திருக்க வேண்டும்.

அல்பிரட்டைத் தூக்கி ஆசனத்தில் எறிந்தார்கள். அவன் சாவியைத் திருப்பினான்.

டிக்.

அவ்வளவுதான். எஞ்சின் அசையவில்லை.

பாழாய்ப்போன றிலே. அந்தச் சாமானை அல்பிரட்டுக்கு முதலே பிடிக்காது. வெள்ளைக்காரக் கடற்படை விட்டுப்போன லொறி, இருபத்துநாலு வோல்ற்று. சாவியும் லைற்றுகளும் ஒரு பழைய காரில் கழற்றியவை, பன்னிரண்டு வோல்ற்று. இரண்டுக்கும் நடுவில் தாஹிர் ஒரு சின்னப் பெட்டியைப் பூட்டி வைத்திருந்தான். சாவியைத் திருப்பினால் சின்னக் கரண்ட் வந்து பெட்டிக்குள் டிக் என்று தட்டும். உடனே பெரிய கரண்ட் தடித்த வயரால் போய் ஸ்ராட்டரைச் சுற்ற வேண்டும். தட்டியும் சுற்றாத நாட்களில் தெருவில் போகிறவர்கள் எல்லோரும் ஓடிவந்து தள்ளுவார்கள். அந்த லொறிக்குத் தோள் கொடுக்காதவன் திருகோணமலையில் குறைவு.

மறுபடி திருப்பினான். டிக்.

ஸ்ரியறிங்கில் இருந்த இடக்கை மேல் குழாய் இறங்கியது. விரல்கள் போன பக்கம் தெரியவில்லை. அல்பிரட் வாய்விட்டுக் கத்தினான்.

தாஹிர் பொனற்றை மூடிவிட்டு வந்தான். வெறுந்தலை. எந்நேரமும் தலையில் இருக்கும் வெள்ளைத் தொப்பியைக் காணவில்லை. பயந்து கழற்றிவிட்டானாக்கும் என்று அல்பிரட் நினைத்தான். ஒருவன் தாஹிரின் மூக்கில் குத்தினான். தாஹிர் இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, பற்றரி செத்துவிட்டது, இந்தப் பாரத்துக்கு எல்லோரும் பின்னால் வந்து தள்ளினால்தான் எடுக்கும் என்று அவர்களுடைய சிங்களத்திலேயே சொன்னான். முன்னால் நிற்கிறவர்களும் வரவேண்டும் என்றான்.

பிறகு இடப்பக்க ஜன்னலில் தலையை நீட்டினான்.

"ரெண்டாங் கியர்ல போடுங்க அண்ணன். எடுத்த பிறகு என்ன நடந்தாலும் நிப்பாட்டாதீங்க. நிப்பாட்டினா திரும்ப எடுக்காது."

குழாய்க்காரன் மட்டும் மிதிபலகையில் ஏறி அல்பிரட்டின் கொலரைப் பிடித்துக்கொண்டான். மற்ற எல்லோரும் பின்னால் போனார்கள். கொல்ல வந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினார்கள். முன்னால் தெருவில் ஈ காக்கை இல்லை.

கிளச்சை விட்டான். எஞ்சின் இருமிப் பிடித்துக்கொண்டது.

அல்பிரட் மிதித்த மிதியில் லொறி பாய்ந்தது. குழாய் அவன் காதைக் கிழித்தது. வளைவில் வலப்பக்கம் கல்மதில். அல்பிரட் லொறியை அதோடு சேர்த்து உரசிக்கொண்டு போனான். எலும்பு நொறுங்குகிற சத்தம் எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கேட்டது. கொலரைப் பிடித்திருந்த கை விட்டுப்போனது.

தள்ளி எடுத்தால் தாஹிர் ஓடிவந்து பின்பலகையில் தொற்றிக்கொண்டு இரண்டு தட்டுத் தட்டுவான். அல்பிரட் அந்தத் தட்டுக்குக் காத்திருந்தான். பக்கக் கண்ணாடியும் உடைந்திருந்ததால் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. கற்கள் வந்து விழுந்தன. தட்டு வரவில்லை.

நிப்பாட்டினால் திரும்ப எடுக்காது. அவன் நிப்பாட்டவில்லை. தாஹிரையும் அவனுடைய றிலேயையும் துறை வரைக்கும் தூஷணத்தால் ஏசிக்கொண்டே ஓட்டினான்.

துறையில் பொழுது பட்டுக்கொண்டிருந்தது. லொறிகளை அக்கரைக்கு ஏற்றிப்போகும் பாதைப்படகு காத்து நின்றது. ஒற்றைக் கையால் கியரைத் தட்டப்போய் எஞ்சின் நின்றுவிட்டது. மக்டலின் இறங்கி வந்தாள். பின்பலகை இடுக்கால் அவள் எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

"தாஹிர் தம்பி ஏறேல்லை. ஏற வந்தவங்களையும் கட்டிப் பிடிச்சுக்கொண்டு அங்கயே நிண்டவர்."

அல்பிரட் சாவியைத் திருப்பினான். டிக்.

இறங்கிப் போனான். அந்தப் பெட்டியைப் பிடுங்கிக் களப்பில் எறிகிற ஆத்திரத்தோடு பொனற்றைத் திறந்தான்.

பெட்டியில் பிழை ஒன்றும் இல்லை. பற்றரியிலிருந்து வரும் தடித்த வயர்தான் அதில் இல்லை. ஆணியைக் கழற்றி வயரை ஒதுக்கி, அதன் வெறும் நுனி லொறியின் இரும்பில் பட்டுத் தீப்பிடிக்காதபடி துணியால் பொதிந்து, செப்புக் கம்பியால் இறுக்கிச் சுற்றியிருந்தது.

துணி இல்லை. தாஹிரின் வெள்ளைத் தொப்பி.

அல்பிரட் பொனற்றுக்குள் தலையை விட்டபடியே குழறி அழுதான்.

அந்தக் கட்டை ஒருவரும் அவிழ்க்கவில்லை. மூட்டைகளுக்குக் கீழே கிடந்தவர்கள் எல்லோரும் இறங்கி, லொறியைத் தள்ளிப் படகில் ஏற்றினார்கள்.

அக்கரையில் றம்லா அரிக்கன் லாம்பைத் தூக்கிப் பிடித்து வழி காட்டிக்கொண்டு நின்றாள்.