ஒரே ஒரு தும்மல்

மழை பிடித்ததும் சளிக்காய்ச்சல் ஆட்டுக்கிடையின் வேலிக்கு வந்துவிட்டது. உள்ளே நேற்றுப் பிறந்த குட்டி ஒன்று. அதற்குத் தடுப்பூசி போடும் வயது இன்னும் ஆகவில்லை. ஏதாவது ஓர் ஆடு தும்மினால், அதில் ஏறிக் குட்டியிடம் போய்விடலாம்.

"போன வருசம் மாதிரி ஒரே ஒரு தும்மல் போடேன்" என்று வேலியோரக் கிடாவின் மூக்கில் கிச்சுகிச்சு மூட்டியது.

"வெயில் காலத்துலயே எங்க எல்லாருக்கும் ஊசி குத்திட்டாங்க. கழுத்து இன்னும் கல்லு மாதிரி வீங்கிக் கெடக்கு. தும்மலே வரமாட்டேங்குது" என்று கிடா அலுத்துக்கொண்டது.

சளிக்காய்ச்சல் வேலியைச் சுற்றி ஒவ்வோர் ஆட்டிடமும் கெஞ்சியது. ஒன்றும் தும்மவில்லை. ஒரே தும்மலில் பெரிய பெரிய கோட்டைகளுக்குள்ளேயே புகுந்துவிட்ட அதற்கு, இந்த வேலியைத் தாண்ட வழியில்லை.

குட்டி தள்ளாடி வந்து, கிடாவின் வீங்கிய கழுத்தில் தலைசாய்த்துத் தூங்கிப்போனது. குட்டிக்கும் சளிக்காய்ச்சலுக்கும் நடுவில் இருந்தது அந்த ஒரு கிடா மட்டும்தான். சளிக்காய்ச்சல் நனைந்தபடி பார்த்துக்கொண்டே நின்றது.

கிடா தன் பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டிருந்தது.