பெரியவன் வந்த நாட்கள்

அப்பாவுக்கு நேற்று நடந்தது இன்று நினைவில் இருப்பதில்லை. "தினமும் நடந்ததைக் கதை மாதிரி ஒரு நோட்டுல எழுதி வைங்கம்மா. படிச்சா மனசு அடங்கும்" என்று டாக்டர் என்னிடம் சொன்னார்.

காலையில் அப்பா அதைச் சத்தமாகப் படிப்பார்.

"நேற்று பெரியவன் வந்தான். உங்களுக்கு நகம் வெட்டிவிட்டான். கேரம் ஆடித் தோற்றுப்போனான்."

"தோக்காம என்ன செய்வான், பய!" என்று சிரிப்பார். அன்றைக்கு வாசலைப் பார்த்து அழமாட்டார்.

ஒரு நாள் மாலை அண்ணன் பெட்டியோடு வந்து நின்றான்.

"வாடா. நேத்துதானே வந்தே, இன்னைக்கு என்ன பெட்டியெல்லாம்?" என்றார் அப்பா.

"மூணு வருஷம் கழிச்சு இப்பத்தாம்ப்பா வர்றேன்."

அப்பா காதில் வாங்கவில்லை. அவனை அருகில் உட்காரவைத்து என்னைக் காட்டினார்.

"இந்த நர்ஸம்மா தங்கமா பாத்துக்கிறாங்க. நீயும் தவறாம வர்றே. உன் தங்கச்சிதான் ஒரு நாள்கூட எட்டிப் பாக்கல."

"அப்பா, இவதாம்ப்பா தங்கச்சி."

"யார்கிட்ட கதை விடறே? முப்பது வருஷம் ஆலை கேட்ல வருகைப் பதிவேடு பாத்தவன்டா நான். பேரு இல்லன்னா ஆள் வரலன்னு அர்த்தம்." நோட்டை எடுத்து அண்ணன் மடியில் வைத்தார். "எங்கயாவது அவ பேரு இருக்கா, நீயே பாரு."

அண்ணன் பக்கம் பக்கமாகப் புரட்டினான்.

எல்லாப் பக்கத்திலும் அவன்தான் வந்திருந்தான், என் கையெழுத்தில்.